அக்கா வாங்கிய அசல் உரிமம்

என் அக்காவுக்கு உறவுக்குள் 'ரூல்ஸ்' என்று பேர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கிறவள். மருந்துச் சீட்டில் 'உணவுக்குப் பின்' என்று இருந்தால், பசியே இல்லாவிட்டாலும் இரண்டு வாய் விழுங்கிவிட்டுத்தான் மாத்திரையைத் தொடுவாள். அவளோடு வெளியே போய் வந்தால் எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

ஒரு மருத்துவமனையில் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற அறிக்கையை அடிப்பது வேலை. அவள் கணவர், என் அத்தான், பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவனையும் உலுக்கி எழுப்பிவிடும் குரல். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் துளை போட்டு ஒரு குழாயை வைத்து அனுப்பினார்கள். அத்தானுடைய அறிக்கை அக்காவின் மேஜைக்கே வந்தது. சொந்தக்காரர்களுடையதை அடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டு அடுத்த நோயாளியுடையதை எடுத்திருக்கிறாள். இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

பிறகு மருத்துவமனை டைப்பிங் அறையை மூடியது. வேலை வேண்டும் என்கிறவர்கள் வீட்டிலிருந்தே அடித்து அனுப்பலாம். ஆனால் வீட்டு லேப்டாப்பில் ஆபீஸ் மென்பொருள் அசலாக, உரிமத்தோடு இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அத்தானைத் தனியாக விட முடியாத அக்காவுக்கு இது வசதிதான். கடையில் கேட்ட விலைதான் கட்டுப்படியாகவில்லை.

"எதுக்கு இவ்வளவு யோசனை? ஒரு காப்பி போட்டுத் தரேன். ஊர்ல பாதிப் பேரு அதான் வச்சிருக்கான். எவனும் வந்து பார்க்கப் போறதில்ல" என்றார் என் வீட்டுக்காரர். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவர்.

"திருட்டுச் சரக்கு இந்த வீட்டுக்குள்ள வேணாம்" என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

அவளே இணையத்தில் தேடி, 'அசல், வாழ்நாள் முழுதும் செல்லும்' என்று போட்டிருந்த ஒரு கடையில் குறைந்த விலைக்கு வாங்கினாள். முறையாக ரசீது வந்தது. அதை அச்செடுத்து ஃபைலில் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள். உரிமம் என்று அவர்கள் அனுப்பியது ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும். கூடவே குறிப்பு: கடவுச்சொல்லை மாற்றக் கூடாது, கோப்புகளை இணையத்தில் இந்தக் கணக்கிலேயே சேமிக்கவும், லேப்டாப் கெட்டாலும் பத்திரமாக இருக்கும். வேறு யாராவது என்றால், நான் காசு கொடுத்து வாங்கியதன் கடவுச்சொல்லை நான் ஏன் மாற்றக் கூடாது என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். அக்காவுக்கு 'கூடாது' என்று எழுதியிருந்தால் போதும். மருத்துவமனை அறிக்கைகள் அடித்த கையோடு அனுப்பப்பட்டு அழிக்கப்பட வேண்டும் என்பது விதி, அதனால் அவை அதில் தங்கவில்லை. தங்கியது ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் 'அவர் பேச்சு'.

அத்தான் அதில்தான் பேசினார். போனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், அவருக்குக் கண் பிடிக்காது. லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுவார். தண்ணி கொடு. ஜன்னலைச் சாத்து. உன் தங்கச்சி வாயை மூடச் சொல்லு, காது வலிக்குது. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அப்படி அடித்து, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைப்பார். அதில் பழைய கண்டக்டர் அப்படியே இருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். கடல் கடந்த ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் ஒப்பந்த வேலை. வாரம் ஒருமுறை போன் செய்வாள். குழாயோடு தன்னை அவள் பார்க்கக் கூடாது என்பதால் அத்தான் வீடியோவுக்கு வர மாட்டார். அவர் தட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து அக்கா வாசிப்பாள்.

ஒரு நாள் நான் கூட இருந்தேன். 'சாப்பிட்டியா? குளிர் எப்படி இருக்கு? எனக்குப் பரவாயில்லை' என்று அக்கா வாசித்தாள். ஸ்கிரீனில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. உன்னைப் பாக்கணும்.' அக்கா அதை வாசிக்கவில்லை. அத்தான் அந்த வரி மேல் விரலை வைத்துத் தட்டினார். அக்கா பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். அவர் மறுபடி தட்டினார், கண்ணாடியில் தட்டுகிற மாதிரி. மகள் போனை வைத்துவிட்டாள்.

"என்னக்கா இது, அநியாயமா இல்ல?" என்றேன் அடுப்படியில்.

"ஒப்பந்தம் முடியுறதுக்குள்ள வந்தா திரும்ப எடுக்க மாட்டாங்க. அதான் அங்க சட்டம். இதைக் கேட்டா அவ அடுத்த பிளைட்ல வந்து நிப்பா. அப்புறம் அவ பொழப்பு?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? ஒரு வரிய வாசிக்கல. எழுதுனது எழுதுனபடி அதுலயே இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்சு வரட்டும், முழுசா அவ கையில கொடுக்கத்தான் போறேன். அவரு அதுவரைக்கும் இருப்பாரு."

போகப் போக அத்தான் அதைத் தட்டிக் காட்டுவதை விட்டுவிட்டார். அந்த வரியை மட்டும் ஒவ்வொரு வாரமும் விடாமல் அடித்தார்.

அவர் இருக்கவில்லை. சாவு என்றால் மட்டும் அங்கே விடுப்பு உண்டாம்; மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கேட்டாள்: "ஒரு தடவைகூட என்னை வரச் சொல்லலையேம்மா. அவ்வளவு வேண்டாதவளாப் போயிட்டேனா நான்?"

அக்கா இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். "சொன்னாரு. வாராவாரம் சொன்னாரு. நான்தான் வாசிக்கல. எல்லாம் அப்படியே இருக்கு, நீயே பாரு" என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

'இந்தக் கணக்கு இப்போது இல்லை' என்றது அது.

அக்கா குறிப்பைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தாள். கை தவறாத டைப்பிஸ்ட், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். சமீபத்திய கோப்புகளில் 'அவர் பேச்சு' என்று பெயர் மட்டும் நின்றது, தொட்டால் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் லேப்டாப்பைக் குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அது ஏதோ ஒரு கல்லூரி தன் ஆட்களுக்கு வைத்திருந்த கணக்காம். எவனோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து, இப்படிப்பட்ட கணக்குகளை ஆளுக்கு ஒன்றாக விற்றிருக்கிறான். கல்லூரிக்குத் தெரிந்ததும் மொத்தமாக ஒழித்துக்கட்டிவிட்டார்கள். விற்ற கடையும் இப்போது இல்லை.

"நான் போட்டுத் தரேன்னு சொன்ன திருட்டுக் காப்பின்னா, ஃபைல் வீட்டுலயே இருந்திருக்கும்" என்று அவர் என்னிடம் முணுமுணுத்தார். வாயை மூடச் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

மகள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "விடுங்கம்மா. என்னைச் சமாதானப்படுத்த இதெல்லாம் சொல்ல வேணாம்."

"சத்தியமா சொன்னாருடி!"

"நானும் பார்த்தேன்மா, என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"நீங்க எப்பவும் அம்மா பக்கம்தானே சித்தி." அவள் குரலில் கோபம்கூட இல்லை. வேலைக்குத் திரும்பும் நாளில் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுன்னு நினைச்சிட்டிருந்தேம்மா."

கார் போன பிறகு எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "உனக்குத்தான் அவர் அடிச்சதெல்லாம் மனப்பாடமாச்சே. உக்காந்து அடி. ஃபைல் கிடைச்சிடுச்சுன்னு அனுப்பு. நடந்ததைத்தானே எழுதப் போற? அந்தப் பிள்ளை நிம்மதியா இருக்கட்டும்" என்று கத்தினேன்.

ஆச்சரியம், அக்கா உட்கார்ந்தாள். உரிமம் எதுவும் கேட்காத, லேப்டாப்போடு வந்த வெறும் நோட்பேடைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினாள். பத்து விரலாலும் அடிக்கிறவள் ஒற்றை விரலால் தட்டினாள். ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. உன்னைப் பாக்கணும்.

அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு ஓவென்று அழுதாள், அத்தான் போன அன்றுகூட அப்படி அழாதவள்.

"இது நான் அடிச்சதுடி. அவர் அடிச்சது இல்ல" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.