நர்சம்மா என்று கூப்பிட்ட மகள்

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவர் செங்கம் ரோட்டில் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, மகள் யாழினியை அடி அண்ணாமலையில் இருக்கும் என் நாத்தனார் செல்வியிடம் விட்டோம். செல்வி அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். பேசத் தொடங்கியதும் குழந்தை செல்வியை "அம்மா" என்றாள். என்னை, தெருவே கூப்பிடுகிற மாதிரி, "நர்சம்மா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தனியாகப் போய் அழுதேன். வார்டில் நின்றால் மனசு வீட்டில். வீட்டுக்கு வந்தால் வார்டு நினைப்பு. இரண்டிலும் நான் அரைகுறை என்று தோன்றியது. வேலையை விட்டுவிடும் முடிவுக்கே வந்துவிட்டேன். உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் நின்று, "தாயே, நான் யாருன்னு நீயே சொல்லு" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

போன ஆவணிப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் போட்டிருந்த மருத்துவ முகாமில் எனக்கு டியூட்டி. பொழுது சாயும் நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்வி ஓடி வந்தாள். தோளில் யாழினி. உடம்பு அனலாய்க் கொதித்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஒரு நொடி எனக்கு எதுவுமே ஓடவில்லை. அப்புறம் கை தானாக வேலை செய்தது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சட்டையைத் தளர்த்தினேன். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டேன். வாய் மட்டும் அம்மனைக் கூப்பிட்டபடியே இருந்தது. வலிப்பு நின்றது.

கொஞ்ச நேரத்தில் யாழினி கண் திறந்தாள். "நர்சம்மா" என்று கையை நீட்டினாள். அள்ளி எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் என்னைக் குத்திய வார்த்தை அன்றைக்கு இனித்தது.

செல்விக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "டாக்டர் இருக்காருன்னு வரல அண்ணி. நீங்க இருக்கீங்கன்னுதான் ஓடியாந்தேன்" என்றாள்.

அம்மன் அவள் வாயால் எனக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

வேலையை விட நினைத்ததை அன்றுதான் கணவரிடம் சொன்னேன். அவர், "எதுக்கு விடணும்? அவ எனக்கும் பொண்ணுதான? காலைல நான் பாத்துக்கறேன்" என்றார். ஓட்டலில் பேசி சாயங்கால ஷிப்ட் வாங்கிக்கொண்டார். அவர் பின்னுகிற ஜடை கோணலாகத்தான் இருக்கும். யாழினிக்கு அதுதான் பிடிக்கிறது. இப்போது அவளுக்குச் செல்வியும் அம்மா, நானும் அம்மா. ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

போன மாதம் நாங்கள் நால்வரும் மலையைச் சுற்றி வந்தோம். யாழினி அப்பா தோளில் உட்கார்ந்து, கூட நடந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தாள். என் மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தவிக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, அம்மனிடம் மனம் விட்டுக் கேளுங்கள். என்னைத் தாங்கியவள் உங்களையும் தாங்குவாள்.