பூதக்கண்ணாடி அக்கா எழுதிய எண்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி அக்கா' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் அவளுக்குத் தெரியும். வீட்டில் எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பவள். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த தக்காளியை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பாள். அவள் கணவர் தையல்காரர். "நல்லவேளை, என் இஞ்ச் டேப்பை இன்னும் அளந்து பார்க்கலை" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சிரிப்பார். அதையும் அளந்தாயிற்று என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

முப்பத்தொரு வயதில் அங்கே கண்ணாடிக் குப்பி கழுவ வந்தவள். கழுவிக்கொண்டே, பார்த்துப் பார்த்தே சோதனையைக் கற்றுக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார்கள், கண்ணால் பார்த்தால் ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி. பத்தொன்பது வருடமாகக் காலை ஒன்பது மணிக்கு, சுத்தம் செய்த நீர் வாய்க்காலுக்குப் போகிற கடைசி மடையில் ஒரு குப்பி நீர் பிடிப்பாள். மாத்திரை போட்டுக் குலுக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு, எவ்வளவு குளோரின் மிச்சம் என்று பதிவேட்டில் எழுதுவாள். ஒன்று இருந்தால் நிம்மதி. புள்ளி ஏழுக்குக் கீழே இறங்கினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். அந்த நீர்தான் கீழே கீரைத் தோட்டங்களுக்குப் பாய்கிறது, பொடிசுகள் குதித்து விளையாடுவதும் அதிலேதான். அதனால் எண் விஷயத்தில் அவள் தன்னைத் தவிர யாரையும் நம்பியதில்லை.

இந்த வருடம் பழைய வாயு சிலிண்டர்கள் போயின. அவை இருந்த அறையில் குளோரின் கரைசல் தொட்டி, தானாகச் சொட்டும் பம்பு, மடையில் ஒரு சென்சார் எல்லாம் வந்தன. நீரில் குளோரின் குறைந்தால் பம்பு தானே கூட்டும், மிஞ்சினால் தானே குறைக்கும். கூடவே ஒரு கடிதமும் வந்தது. மூன்று மாதம் சென்சாரின் எண்ணையும் அக்காவின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். இரண்டும் ஒத்துப்போனால் கைச் சோதனை இனித் தேவையா என்று யோசிப்பார்களாம். யோசிப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் சீட்டைக் கிழிப்பதுதான்.

எண்கள் ஒத்துப்போயின. அங்கேதான் அவளுக்கு மூக்கு வியர்த்தது. இவள் ஒன்று என்றால் அதுவும் ஒன்று. இவள் புள்ளி ஒன்பது என்றால் அதுவும் புள்ளி ஒன்பது. கூடப் பிறந்தவர்கள்கூட இத்தனை ஒற்றுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"அந்த ஃபிட்டர் பையன் என்னமோ பண்றான்" என்றாள் கணவரிடம்.

"ஏம்மா, மெஷினும் சரி, நீயும் சரின்னு இருக்கக் கூடாதா?"

"இருக்கவே கூடாது."

ஃபிட்டர் கம்பெனி அனுப்பிய ஆள். முப்பது வயது, அமைதியான முகம். அந்த அமைதியே அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் பார்த்தாள். தினமும் பத்து மணிக்கு வருகிறான், அவள் பதிவேட்டைப் புரட்டுகிறான், சென்சார் பெட்டியைத் திறந்து ஏதோ அழுத்துகிறான், போய்விடுகிறான். என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் எப்படிப் பூதக்கண்ணாடி அக்கா?

அடுத்த நாள் காலை குப்பி பளிச்சென்று ஒன்றைக் காட்டியது. அவள் பதிவேட்டில் இரண்டு என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் பொய். திருடனைப் பிடிக்கத்தானே என்று மனதைத் தட்டிக் கொடுத்தாள்.

பத்து மணிக்கு அவன் வந்தான். பதிவேட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், பெட்டியைத் திறந்தான், அழுத்தினான். தூணுக்குப் பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். ஒன்று என்றிருந்த திரை இரண்டு என்றது. கையும் களவுமாகச் சிக்கிவிட்டான்! அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு டம்ளர் டீ இறங்கியது.

என்ஜினியர் கூட்டத்திலிருந்து வெளியே வர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அதுவரை வாசலிலேயே காத்திருந்து, அவரை மடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். திரையில் ஒன்று என்று இருந்தது.

"இப்ப ஒன்னு காட்டுது சார். காலையில இவன் கையால இரண்டா மாத்தினான், நான் பார்த்தேன்."

ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். அவன் முகத்தில் ஒரு திருட்டு முழியும் இல்லை.

"ஆமா சார், மாத்தினேன். சென்சார்ல அழுக்குப் படியும், எண் நகரும். தினமும் கைச் சோதனை எண்ணுக்கு அதைத் திருத்தணும்னு கம்பெனி எழுதியே வச்சிருக்கு." பெட்டிக் கதவைத் திறந்து காட்டினான். உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் அப்படியே இருந்தது. "இன்னிக்கு ஒரேயடியா இரண்டுன்னு இருந்துச்சு. எனக்கே சந்தேகம்தான். ஆனா அக்கா எண் தப்பாதே. அதான் மெஷினைத் திருத்தினேன்."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு என்று நம்பிய பம்பு என்ன செய்திருக்கும்? மிஞ்சிவிட்டது என்று கரைசலைக் குறைத்திருக்கும். திரை ஒன்றுக்கு இறங்கியது அதனால்தான். குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாத்திரை போட்டுக் குலுக்கினாள். நிறம் வரவே யோசித்தது. புள்ளி ஐந்து.

மூன்று மணி நேர நீர் வாய்க்காலில் போயே போய்விட்டது.

என்ஜினியர் பம்பைக் கையால் கூட்டச் சொன்னார், கீழே தோட்டக்காரர்களுக்குப் போன் போட்டு நீரைத் தொட வேண்டாம் என்றார். பிறகு ஃபிட்டரின் பக்கம் திரும்பினார்.

"காலையில இரண்டு காட்ட வேண்டியது ஒன்னு காட்டியிருக்கு, இப்ப புள்ளி அஞ்சுக்கு ஒன்னு காட்டுது. இந்த மெஷினை எப்படிய்யா நம்புறது? கழட்டி எடுத்துட்டுப் போங்க. அக்கா சோதனையே நமக்குப் போதும்."

அவன் தலை குனிந்து நின்றான். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சென்சார் போய்விடும், அவள் வேலை நிலைக்கும், பூதக்கண்ணாடி அக்கா வென்றாள் என்று நிலையமே பேசும். அவளுக்கு அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் கையில் இருந்த குப்பியில் அந்த வெளிறிய நிறம் அப்படியே இருந்தது.

"மெஷின் மேல தப்பில்லை சார். காலையில ஒன்னுதான் இருந்துச்சு. நான்தான் இரண்டுன்னு எழுதினேன். இவனைப் பிடிக்கறதுக்காக."

என்ஜினியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சென்சார் இருக்கிறது. அதைத் திருத்தத் தினமும் ஒரு நல்ல எண் வேண்டும் என்பதால் அக்காவின் வேலையும் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டு வந்துவிட்டது. அவள் எண்ணுக்குப் பக்கத்தில் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் ஃபிட்டர்.

முதல் நாள் அவன் குப்பியைப் பார்க்காமலே பேனாவைத் திறந்தான்.

"பார்த்துட்டுப் போடு" என்றாள்.

"பரவாயில்லக்கா, நீங்க சொன்னா..."

"பார்த்துட்டுப் போடுன்னேன்."

அவன் குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அட்டையை நகர்த்தி நகர்த்தி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். அதுவரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.