மசுயே எழுத்துக் கூட்டிச் சொன்ன பேர்கள்

மசுயேயின் முன்பற்கள் இரண்டும் அவளுடையவை அல்ல. புருஷன் உடைத்த இடத்தில் துறைமுகத்துப் பல் வைத்தியர் பொருத்திக் கொடுத்தவை. உடைத்த ராத்திரி விடிந்ததும் உதடு வீங்கிப்போய் வேலைக்கு வந்தாள். "படியில விழுந்துட்டேன், ஒகாபே அண்ணே" என்றாள். அவள் வீட்டில் படியே கிடையாது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் கிழித்தது அவ்வளவுதான்.

ஜப்பானின் தெற்கே தோசாக் கரையில் எங்களுடையது சின்னத் துறைமுகம். மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியில் வானொலி அறை. சூரை மீன் பிடிக்கப் போகிற படகுகளோடு பேசுவதற்கு நாங்கள் இரண்டே பேர். படகுக்காரர்களுக்கு என் குரல் பிடிக்காது. "ஒகாபே பேசினா கரண்டியால சட்டிய சொரண்டுற மாதிரி இருக்கு, மசுயேயக் கூப்பிடு" என்பார்கள். அவள் குரலை அவர்கள் புகழ்ந்ததுதான் வினையாகப் போயிற்று. அவள் புருஷன் 'தென்யூ மாரு' என்ற படகில் ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. கரைக்கு வந்து சாக்கேச் சாராயம் உள்ளே போனதும், "ஊரான் எல்லாம் கேக்குற வாய்தானே இது?" என்று வாயைப் பார்த்துத்தான் குத்துவான்.

எங்கள் வேலையில் பேர்தான் முக்கியம். காற்றும் இஞ்சினும் இரையும்போது காதில் எது விழும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வோம். காலைச் சூரியனான அசாஹியின் அ. சகுராப் பூவின் ச. ஆப்பிளுக்கு நாங்கள் சொல்கிற ரிங்கோவின் ரி. நாடு முழுக்க ஒரே பட்டியல், அவனவன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் பதிவேட்டில் ஏறும். ஏறிய பேரை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. கடலோரக் காவல்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அந்தப் பட்டியலை மசுயே சொல்லக் கேட்க வேண்டும். பொய்ப்பல் பொருத்திய பிறகு அவளுக்கு 'ச' வரும்போதெல்லாம் காற்று விசிலடித்தது. ஒரு மாதம் படகு இல்லாத நேரமாகப் பார்த்துச் சுவரைப் பார்த்து நின்று "சகுராவின் ச, சகுராவின் ச" என்று சொல்லிச் சொல்லி அதைச் சரிசெய்தாள்.

ஷோவா நாற்பத்து மூன்றாம் வருஷம், அதாவது 1968, மே மாதம். புதுச் சூரை வரும் காலம். தென்யூ மாரு கரையிலிருந்து ஒன்றரை நாள் தூரத்தில் இருந்தது. மேஸ்திரியோடு அதே படகில் மசுயேயின் தம்பி கிக்குவோவும் இருந்தான். இருபத்து மூன்று வயது, கொக்கு மாதிரி உடம்பு. அக்கா புருஷன் என்ற உரிமையில் மேஸ்திரி அவனை மற்றவர்களைவிடக் கூடுதலாக அடிப்பான், தூண்டில் மூங்கிலால், முதுகில். போன இலையுதிர் காலத்தில் அதே படகில் மித்தானி என்ற பையன் அடி வாங்கிய ராத்திரியே காணாமல் போனான். 'கால் வழுக்கிக் கடலில் விழுந்தான்' என்று செய்தி வந்தது. படகில் பாதிப் பேர் மேஸ்திரிக்குச் சொந்தம், மீதிப் பேர் அவனோடு குடிப்பவர்கள். யார் வாயைத் திறப்பார்கள்?

பிற்பகல் இரண்டு மணிக்குப் படகுகளை வரிசையாக அழைப்போம். ஊரே கேட்கிற நேரம் அது. எங்கள் அலைவரிசை பிடிக்கிற ரேடியோ இல்லாத அடுப்படி கிடையாது. கீழே மீன் வெட்டும் கொட்டகையிலும் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. புருஷன் பிள்ளைகளின் குரலைக் கேட்டுக்கொண்டே பெண்கள் குடல் எடுப்பார்கள்.

மசுயே தென்யூ மாருவை அழைத்தாள். பதில் சொன்னது படகின் வானொலிக்காரர் அல்ல.

"அக்கா."

வானொலியில் உறவு கொண்டாடக் கூடாது. "முறைப்படி பேசவும்" என்றாள் மசுயே.

"அக்கா, அத்தானக் குத்திட்டேன். சூரை வெட்டுற கத்தியால. வயித்துல."

மசுயேயின் பென்சில் தாளின் மேல் அப்படியே நின்றது.

"உசுரு இருக்கா?"

"தெரியல. கொடலு வெளிய வந்துருச்சு. நான் வானொலி ரூமுல பூந்து தாப்பா போட்டுக்கிட்டேன். கோடாலியால கதவ வெட்டுறாங்கக்கா."

அது எங்களுக்கும் கேட்டது. மரத்தில் இரும்பு இறங்குகிற சத்தம். பின்னால் யாரோ கத்தினான்: "அந்த நாயி காலப் புடிச்சுக் கடல்ல எறிங்கடா! மித்தானிகிட்ட அனுப்பி வைங்க!" இன்னொருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றுகிறது.

"அக்கா, என்னைக் கொன்னுருவாங்க. அப்புறம் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிருவாங்க."

மசுயே அழவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "கதவுகிட்ட யார் யாரு நிக்கிறாங்க? கொரல வச்சு ஒனக்குத் தெரியும்ல? ஒவ்வொரு பேரா சொல்லு. எழுத்து எழுத்தா. பட்டியல்படி."

"அக்கா, கதவு ஒடையுதுன்னு சொல்றேன்..."

"பட்டியல்படி சொல்லுடா!"

அவள் என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிக்குவோ சொன்னான். கதவில் ஒவ்வொரு வெட்டு விழும்போதும் குரல் எகிறியது. மசுயே எல்லாப் படகுக்கும் எட்டும்படி சக்தியைக் கூட்டி அதைத் திருப்பிச் சொன்னாள், நிறுத்தி நிதானமாக; அந்த அறை ஒலிபெருக்கியில் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் அது கேட்கும். "தபாக்கோவின் த. நிஹோனின் நி. மொமிஜியின் மொ. ரிங்கோவின் ரி. ஒசாகாவின் ஒ. தானி மொரியோ. தென்யூ மாரு, வானொலி அறைக் கதவருகில். நேரம் இரண்டு மணி ஆறு நிமிஷம். பதிவாயிற்று."

ஒரு நொடி வெறும் இரைச்சல். பிறகு வேறொரு குரல் நுழைந்தது. பக்கத்துக் கடலில் இருந்த ஒரு படகின் தலைவர், கிழட்டுக் குரல். "தானி மொரியோ. நாங்களும் எழுதிக்கிட்டோம்." அதன் பின்னால் இன்னொரு படகு: "எழுதியாச்சு."

கோடாலி ஓய்ந்தது. மறுபடி விழுந்தது.

"அடுத்த பேரு" என்றாள் மசுயே.

இரண்டாவது பேர் நிஷி யசுவோ. அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் சங்கத் தலைவர் நோமி படியேறி வந்துவிட்டார். சங்கத்துக்கு அவர்தான் தலைவர், தென்யூ மாருவுக்கும் அவர்தான் முதலாளி. முகம் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது.

"நிறுத்துடி! ஊரு பூரா கேக்குது! படகு வெவகாரம் படகோட போகணும்!"

"பேரு பதிவாகிட்டிருக்கு, தலைவரே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நோமி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து முகத்தை மேஜையில் மோதினார். ரத்தம் பதிவேட்டில் சிந்தியது. பொய்ப்பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. அவர் வானொலியின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். பத்தொன்பது வருஷமாக எனக்குள் ஊறிக் கிடந்தது எதுவோ, அந்த நொடியில் வெடித்தது. நீட்டிய கையைப் பிடித்து முறுக்கினேன். விரல் ஒன்று முறிகிற சத்தம் நன்றாகவே கேட்டது. விடவில்லை. வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் நெஞ்சில் ஓர் உதை விட்டேன். படியில் உருண்டார். உண்மையிலேயே படியில் விழுந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றேன்.

மசுயே வாயைப் புறங்கையால் துடைத்தாள். பல் போன இடத்தில் மறுபடி காற்று விசிலடித்தது. அதனால் என்ன? யாருக்கும் தப்பாகக் கேட்கக் கூடாது என்பதற்குத்தானே பட்டியலே இருக்கிறது.

"ஹகாக்கியின் ஹ. மட்ச்சியின் ம. ஹமா..."

கீழே கொட்டகையில் ஒரு பெண் அலறினாள். அடுத்த நிமிஷம் என் முதுகுக்குப் பின்னால் கதவை யாரோ உதைத்தார்கள்.

"தொறடா ஒகாபே! எம்மவன் பேருடா அது!"

திறந்தேன். ஹமா சுனேயோவின் அம்மா ஷிகே நின்றாள். ரப்பர் மேலங்கி முழுக்க மீன் ரத்தம், கையில் குடல் எடுக்கிற கத்தி. மசுயேயைக் குத்திவிடுவாள் என்றே நினைத்தேன். மசுயேயின் முகத்தையும் பதிவேட்டில் கிடந்த ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் புள்ள பேர ஏண்டி கொலகாரன் கணக்கா படிக்கிற?"

"இன்னும் கொல நடக்கல ஷிகேக்கா. கதவு இன்னும் ஒடையல." மசுயே ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினாள். "நீங்களே பேசுங்க."

உரிமம் இல்லாதவர் பேசினால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஷிகே பேசவில்லை, கத்தினாள். "சுனேயோ! கோடாலி ஒங்கையிலயாடா இருக்கு? கீழ போடு! மித்தானியோட ஆத்தா தெனம் எம் பக்கத்துல நின்னுதாண்டா மீனு வெட்டுறா. அவ மூஞ்சியில நான் முழிக்கணும். போட்டுத் தொலடா!"

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பதிவேட்டில் நான்கு நிமிஷம் என்றிருக்கிறது. பிறகு பலகையின் மேல் இரும்பு விழுந்து உருள்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, நிறுத்திட்டாங்க" என்றான் கிக்குவோ. அதற்குப் பிறகுதான் அவன் அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி.

ஷிகே மசுயேயிடம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். கடைசிவரை பேசவே இல்லை. பேர் படிக்கப்பட்ட மூன்று வீட்டாரும் அப்படித்தான். மசுயேயின் வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள், ஜன்னலை உடைத்தார்கள். அவள் தன் தம்பியை மட்டும் காப்பாற்றவில்லை, அந்த மூன்று பேரையும் கொலைகாரர்கள் ஆகாமல் காப்பாற்றினாள். அது அந்த மரமண்டைகளுக்கு ஏறவே இல்லை.

கிக்குவோ கடலோரக் காவல் கப்பலில் உயிரோடு கரைக்கு வந்தான். ஒன்பது வருஷம் உள்ளே இருந்தான். மித்தானியின் விவகாரத்தையும் கிளறினார்கள், நோமியின் தலைமைப் பதவி போயிற்று.

ஆனால் அன்றைய வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. இரண்டு நாற்பதுக்குத் தென்யூ மாருவின் தலைவர் வானொலிக்கு வந்தார். அதுவரை எந்த மூலையில் ஒளிந்திருந்தாரோ. "ஒருவர் இறந்துவிட்டார், பேரைச் சொல்கிறேன்" என்றார். நான் மசுயேயின் கையைத் தொட்டு, "நீ எந்திரி, நான் வாங்கிக்கிறேன்" என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

தலைவர் சொல்லி முடித்தார். மசுயே திருப்பிச் சொன்னாள்.

"ஹிகோக்கியின் ஹி. சகுராவின் ச. தபாக்கோவின் த. கெஷிக்கியின் கெ. ஷிம்பூனின் ஷி. ஒஷிமாயின் ன்."

ஹிசதகே ஷின், மேஸ்திரியின் பேர். ஒஷிமாய் என்றால் முடிவு. பட்டியலில் கடைசி எழுத்துக்கு உள்ள வார்த்தை அதுதான். நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த படகை அழைத்தாள். அன்றைக்கு மீதமிருந்த ஏழு படகுகளையும் பல்லில்லாத வாயோடு அழைத்து முடித்தாள்.

ரொம்ப நாள் கழித்து ஒருமுறை, கிக்குவோவைச் சிறையில் பார்த்துவிட்டு வந்தவளிடம் கேட்டேன். "அன்னிக்கு அந்த ஆளு பேர எழுத்துக் கூட்டிச் சொன்னியே, ஒனக்கு நாக்கு எழும்பிச்சா?"

"மொத தடவையா சொன்னேன், ஒகாபே அண்ணே" என்றாள். வீட்டில் அவனை 'நீங்க' என்பாள், வெளியில் 'வீட்டுக்காரர்' என்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை.

புதுப் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"பன்னெண்டு வருஷமா அந்த ஆளு பேரு என் வாய்க்குள்ள வந்ததே இல்ல. கைதான் வந்துச்சு."