கலர்னா என்ன கலர்?

"கொஞ்சம் கலரா விழணும்க்கா" என்று வகுப்பில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அக்காவின் மேசை இழுப்பறை படாரென்று திறக்கும். உள்ளேயிருந்து வண்ணக் காகிதக் கட்டு ஒன்று சொன்னவர் மடியில் வந்து விழும். "கலர்னா என்ன கலர்? பச்சையா, ஊதாவா? எடுத்துக் காட்டு, அப்படியே விழ வைக்கிறேன்." காட்டும்வரை பாடம் நகராது. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், யாரும் காட்டியதில்லை. காகிதங்கள்தான் ஓரம் நைந்து போயிருக்கின்றன.

நூலகத்து மாடியறையில் சனி, ஞாயிறு இவருடைய போட்டோ வகுப்பு. படிப்பை முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் இவர் அக்கா. கீழே பத்திரிகை புரட்டிவிட்டு அவ்வப்போது மாடிக்கும் எட்டிப் பார்க்கும் என் போன்றவர்களுக்கு, அவர் படியேறும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுவார். லென்ஸ் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் படம் எடுப்பார். அதனால் அவர் திட்டுவதில் பாதி யாருக்கும் புரியாது, அதுவும் நல்லதற்குத்தான்.

இருபது வருஷம் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர். என் கல்யாண ஆல்பம் இவர் கைவண்ணம். அதைப் புரட்டும்போதெல்லாம் என் மகள், "அம்மா பக்கத்துல நிக்கிறாரே, இந்த மாமா யாரு?" என்பாள். அவ்வளவு வெளுப்பாக இருப்பேன். பேச்செடுத்தால் அக்காவிடம் ஒரே பதில்: "அப்ப எல்லாரும் கேட்டாங்க, செஞ்சேன். விடுங்க."

இந்த முறை வகுப்பு முடிவில் ஒரு கண்காட்சி. அவரவர் முகத்தை அவரவரே எடுக்க வேண்டும். பின்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். குரூப் போட்டோ என்றால் யார் தோளுக்காவது பின்னால் போய்ப் பாதி முகத்தோடு நிற்பவள். "எனக்கு வேணாம்க்கா. நான் வந்தா போட்டோவே இருட்டாயிடும்" என்றாள். அக்காவுக்கு வந்ததே கோபம்! "உன்னாலயா இருட்டு? காமிராவுக்கு மூளை கிடையாதுடி. கறுப்பா எதைப் பாத்தாலும் வெளிச்சம் பத்தலன்னு நெனச்சுக்கிட்டு அள்ளிக் கொட்டும். நீதான் அதட்டி நிறுத்தணும்."

அந்தப் பெண் நான்கு மாதம் அதட்டினாள். கடைசியில் ஒரு படம் வந்தது. கறுப்புச் சட்டை, பின்னால் இருண்ட கதவு, கன்னத்து ஓரத்தில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக. அதற்குள் அவள் முகம், அவள் நிறத்திலேயே, நேராக நம்மைப் பார்த்தது. அன்று அக்கா யாரையும் திட்டவில்லை. எனக்குக்கூடப் புன்னகையோடு வணக்கம் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் லேபிலிருந்து பிரிண்டுகள் வந்தன. உறையைப் பிரித்தால், பன்னிரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து நேராக வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பின்வரிசைப் பெண்ணின் இருண்ட கதவு சாம்பலாகிவிட்டது. கன்னத்துக் கோட்டைக் காணவே காணோம். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட மோசம், அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்ததுதான். "நல்லாத்தானேக்கா இருக்கு? இதையே மாட்டிடலாமே."

அக்கா காகிதக் கட்டைத் தேடவில்லை. பிரிண்டுகளை வாரி எடுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினார். லேப் இரண்டு தெரு தள்ளி. அந்தப் பெண் பின்னாலேயே ஓடினாள். கைகலப்பாகிவிடக் கூடாதே என்று நானும் போனேன்.

லேப்காரருக்கு நாற்பது வயதிருக்கும், சாதுவான மனிதர். கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிச் சிரித்தார்.

"யாரைக் கேட்டு முகத்துல கை வச்சே?"

"யாரும் சொல்லலக்கா. உங்க பசங்களாச்சேன்னு ஒவ்வொரு முகமா உக்காந்து பாத்து, நானா செஞ்சேன்."

"நான் கேட்டேனா? உன்கிட்ட நான் கேட்டேனா?"

"கேக்கணுமாக்கா?" அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "முகம்னு வந்தா கேக்காமலே வெளிச்சத்த ரெண்டு பாயின்ட் ஏத்திடுன்னு நீங்கதானே சொல்வீங்க? உங்க ஸ்டூடியோவுல நான் கத்துக்கிட்ட முதல் வேலையே அதுதானேக்கா."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நன்றிதான் இருந்தது. அக்கா கையிலிருந்த பிரிண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டார். அந்த மனிதரை நாலு வார்த்தை நானே கேட்டுவிடலாமென்று வாயைத் திறந்தேன். கல்யாணத்தன்று, "கொஞ்சம் கலரா வரணும், பாத்துச் செய்ங்க" என்று நானே அக்காவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பெண்ணின் படங்கள் இரண்டையும், அவள் எடுத்ததையும் லேபில் வெளுத்ததையும், பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். மவுஸ் மேல் இருந்த கை தானாக நகர்ந்தது. அவள் எடுத்த படத்தில், அம்பு நேராக அவள் கன்னத்தில் போய் நின்றது. வெளிச்சம் கூட்டுகிற பொத்தானை அழுத்த விரல் மடங்கியும்விட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அதைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்தார்.

"வா, இப்படி உக்காரு. எது வேணுமோ நீயே அமுக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெளுத்த முகத்தின் மேல் விரலை வைத்து, கிண்டலில்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்: "இது என்ன கலர்க்கா?"

 பெண் தான் எடுத்த படத்தை அமுக்கினாள். மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மற்ற பதினொரு பேரின் படங்களையும், எடுத்தது எடுத்தபடி, அவளே ஒவ்வொன்றாகத் திறந்து அமுக்கினாள். கடைசிப் பிரிண்ட் வெளியே வந்து விழும்வரை அக்கா அந்த வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை.