அறிமுகக் கையெழுத்து

சரோஜாவின் தறியை நிறுத்தியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசியில் சொன்னால் சாக்குபோல ஆகிவிடும்.

நேற்று ஆரணிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்தபோது, கல்லாவின் மேலிருந்த சின்னப் பெட்டி பணம் வந்துவிட்டதென்று பெண் குரலில் அறிவித்தது. சுண்டக் காய்ந்த பாலின் வாசனையில் பஷீர் பாய் கடை நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் இதே ஊரில் நான் மேனேஜராக இருந்த வங்கிக்கு எதிரே அது இருந்தது. ஏலக்காயைத் தாராளமாகப் போடுவார். சர்க்கரைக்குத்தான் கை வராது.

அப்போதெல்லாம் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்திட வேண்டும். சரோஜா ஒரு பட்டு முதலாளியிடம் கூலிக்கு நெய்தவள். சொந்தமாக நூல் வாங்கி நெய்யக் கடன் கேட்டு வந்தாள். அதற்கு முதலில் கணக்கு வேண்டும். பாய் அவளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் ஏற்கவில்லை.

“உங்க முதலாளிகிட்ட வாங்கிட்டு வாங்கம்மா.”

“அவுருகிட்டேருந்து வெளிய வரத்தான் சார் இங்க அலைஞ்சிகினு கீறேன்.”

“டீக்கடைக்காரன் கையெழுத்து போட்டா பேங்கு முழுகிடுமா சார்?” என்று பாய் பிறகு கேட்டார். மழுப்பினேன். அந்த முதலாளியின் டெபாசிட்டை வைத்துத்தான் மேலிடத்தில் எனக்குப் பெயர். ஒரு தெருவுக்கு ஒதுக்கிய கிளைதான் அங்கே கடன் தரலாம் என்பது அன்றைய விதி; சரோஜாவின் தெரு எங்கள் கிளைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு வங்கிக்கும் போய்ப் பார்த்தாள். எங்களிடமே திருப்பி அனுப்பினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த முதலாளியிடம், “உங்க தறிக்காரம்மா லோன் கேட்டு வந்தாங்க” என்றேன், ஏதோ ஊர்ச்செய்தி சொல்வதுபோல.

“நல்லவேளை சொன்னீங்க சார்.”

தறியிலிருந்த சேலை முடிந்ததும், அடுத்த சேலைக்கான பாவு நூலை அவளுக்குத் தரவில்லை. மற்ற முதலாளிகளும் தரவில்லை.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. விண்ணப்பத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அரிசி ஆலையிலிருந்து தலையெல்லாம் தவிட்டுத்தூளோடு வந்தாள். நானே அறிமுகக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னேன்.

“உங்களுக்கு என்னத் தெரியுமா சார்?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

போட்டேன். கணக்கு தொடங்கியது. தறி இல்லாதவளுக்கு நெசவுக் கடன் தர இயலாது என்று எனக்குப் பின் வந்தவர் எழுதிவிட்டதாகப் பாய் சொல்லி அறிந்தேன்.

இன்று யார் கையெழுத்தும் வேண்டாம். கட்டைவிரலை வைத்தால் போதும். பாய் கடையும் இல்லை. நேற்று சரோஜாவின் தெருவரை நடந்தேன். தறிச்சத்தம் கேட்கவில்லை. நான்கு வீடுகளில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை.