நடுக்காயலில் நிறுத்தக் கூடாத படகு

முத்துப்பேட்டைப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் கேபின் வைத்த பழைய படகு ஒன்று இருந்தது. அதன் இரண்டு இஞ்சின்களில் ஒன்று எப்போதும் லீவில் இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியைக் காப்பாற்றிவிட்டு வந்த நான்தான் அதற்கு டிரைவர்.

அமைச்சர் வருகிறார் என்றதும் பம்புசெட் மெக்கானிக் ஒருவரை அழைத்தார்கள். ஒட்டிய கன்னம், கிரீஸ் படிந்த கட்சிக்கரை வேட்டி. நீள ஸ்க்ரூடிரைவரை இஞ்சினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். இஞ்சின் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுவதுபோல இருக்கும். கடைசியில் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு பிடி பாசியை உருவினார். இரண்டும் ஓடின.

அவர் மிராசுதாரின் குத்தகைக்காரரும்கூட. குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டுக் கிளப்ப அமைச்சரிடம் தனியாகப் பேசத்தான் இந்தச் சவாரி என்பது ஊருக்கே தெரியும்.

"நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்கய்யா. சூட்டுல மறுபடி ஸ்டார்ட் ஆகாது," என்றார் மெக்கானிக் மிராசுதாரிடம், கையைக் கட்டிக்கொண்டு.

சவாரி முழுக்கக் கேபினுக்கு அடியில் இரண்டு இஞ்சினும் பேச்சே கேட்காதபடி கத்தின. அமைச்சரோடு நடுக்காயலில் மாட்டிக்கொள்ளப் பயந்த மிராசுதார் நிறுத்தச் சொல்லவே இல்லை. "நெலம்! நெலம்!" என்று தொண்டை கிழிய அலறினார். ஒன்றும் காதில் விழாத அமைச்சர் கரையோரக் கொக்குகளுக்குக் கும்பிடு போட்டபடி வந்து, இறங்கி, காரேறிப் போய்விட்டார்.

மறுநாள் நன்றாகச் சூடேறிய இஞ்சின்களை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பின.

"என்னண்ணே, புளுகுனீங்களா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"பழைய இஞ்சின் தம்பி. பெரிய மனுஷன் ஏறுனா ஒரு மாதிரி, நீ ஏறுனா ஒரு மாதிரி," என்றார், சிரிக்காமல்.

அந்த வருஷக் குறுவை நெல்லையும் அதே குத்தகை நிலத்தில் அவர்தான் அறுத்தார். அவர் கேலி செய்தது மிராசுதாரையா, என்னையா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.