மாஸ்டர் சொன்னபடியே

என் தங்கைக்கு முப்பது வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். எதுவும் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும், ஏறிவிட்டால் இறங்காது. ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள், அதுதான் வம்பு.

ஆஸ்பத்திரி கேண்டீனில் டிரெய்னிங் சேர்ந்த புதிதில், சமையல் மாஸ்டர் அவளை அடுப்படியில் நிறுத்தி, "ரொட்டியைப் பாத்துக்கோ, வந்துடறேன்" என்று போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஒரே புகை. கல்லில் கிடந்த ரொட்டியெல்லாம் கரிக்கட்டை. இவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாத்துக்கச் சொன்னேனே!"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மாஸ்டர். எங்கேயும் போகல."

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டாரே தவிர, விரட்டவில்லை. அன்றிலிருந்து, "சிவந்தா திருப்பு, ரெண்டு பக்கமும் சிவந்தா தட்டுல எடு" என்று உடைத்துச் சொல்லப் பழகினார். அப்புறம் எதுவும் கருகவில்லை.

டிரெய்னிங் முடிந்ததும் வேலைக்கு எடுப்பார்களா? எனக்கு அந்த ஒரு கவலைதான். முன்பு ஒரு ஓட்டலில் "சொல்லி அனுப்புறோம்" என்றதை நம்பி, ஆள் வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் இவள். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கடைசி நாள் அழுதுகொண்டே வந்தாள். "நாளையிலேருந்து டிரெய்னிங்குக்கு வர வேணாம்னுட்டாருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் ஆரம்பிக்குமுன் மாஸ்டர் அவளைப் பார்த்து முந்திக்கொண்டார்.

"எங்கேம்மா போனே? தட்டு மலையா குவிஞ்சு கிடக்கு!"

"வர வேணாம்னீங்களே மாஸ்டர்."

"டிரெய்னிங்குக்குத்தானே வேணாம்னேன்? உன்னை வேலைக்கு எடுத்தாச்சும்மா!"

"அதை நீங்க சொல்லலையே."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, சொல்லல. என் தப்புதான். இன்னிக்கு வேலை. நாளைக்கும் வேலை. நான் லீவுன்னு சொல்ற நாள் தவிர தினமும் வரணும். போதுமா?"

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சண்டை போட வந்த வாய், "வயித்துல பாலை வார்த்தீங்க மாஸ்டர்" என்றது. கண்ணீர் நிற்கவில்லை.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்த பாப்பா என் வயிற்றை உற்றுப் பார்த்தாள்.

"எங்கேக்கா? நனையவே இல்லையே. சரி, நீ வீட்டுக்குப் போ. எனக்கு வேலை இருக்கு."